கையைப் பார்த்து அடி: புதுச்சேரி, கடலூர் பயணக் குறிப்புகள்

வெள்ளி இரவு, முத்தியால்பேட்டை

திருச்சியில் ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. ஒயிட் டவுன் பக்கம் வார இறுதியில் அறை வாடகையைக் கேட்டாலே வந்த ஆசை போய்விடும், அதனால் முத்தியால்பேட்டையில் ஒரு லாட்ஜ். ஃபேன் சுற்றுகிறது, தண்ணீர் வருகிறது, வேறென்ன வேண்டும்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரோவில் போகிற வழியில் குயிலாப்பாளையத்துக்குப் பக்கத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு தாளவாத்தியக் கூடல். எழுதி வைத்த உருப்படி எதுவும் கிடையாது. நடுவில் ஒருவர் நின்று கையால் சைகை காட்டுவார், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்த்து அந்த நொடியில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். கூட்டாக மனோதர்மம், அதுவும் பெரும்பாலும் முன்பின் தெரியாத ஆட்களோடு.

இந்த வகை வாசிப்பை நான் முதலில் பார்த்தது அர்ஜென்டினாக்காரர்களின் வீடியோவில். புவனோஸ் ஐரிஸில் ‘லா போம்பா தே தியெம்போ’ என்று ஒரு குழு, சாந்தியாகோ வாஸ்கெஸ் என்ற தாளக்கலைஞர் 2006-இல் தொடங்கியது. பழைய எண்ணெய் ஆலை ஒன்றைக் கோனெக்ஸ் என்று கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள், அங்கே திங்கள்கிழமைதோறும் வாசிக்கிறார்கள், கூட்டம் நெரிகிறது. எல்லோருக்கும் சிவப்பு உடை. முன்னால் நிற்பவர் ஒரு விரலை உயர்த்துகிறார், பக்கவாட்டில் கையை இழுக்கிறார், நெற்றியைத் தொடுகிறார், அதற்குத் தக்கபடி மொத்தக் குழுவும் ஒரே கணத்தில் திரும்புகிறது. வாஸ்கெஸ் இதற்காக நூற்றுக்கும் மேற்பட்ட சைகைகளை வகுத்து வைத்திருக்கிறாராம்.

பார்க்க அபாரமாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் அப்போதே வந்தது, அது இன்னும் போகவில்லை: ஒருவர் கையைக் காட்டி நாற்பது கை ஆடினால் அதில் மனோதர்மம் யாருடையது? கையைக் காட்டுகிறவருடையது மட்டும்தானே? பார்ப்போம். இப்போது பசி, கீழே புரோட்டாக் கடையில் கல் தட்டுகிற சத்தம் கேட்கிறது.

சனி, குயிலாப்பாளையம்

முந்திரித் தோப்புக்குள் ஒரு கீற்றுக் கொட்டகை, செம்மண் தரை. வந்திருந்தவர்கள் பலவகை. ஜெம்பே என்கிற ஆப்பிரிக்கக் கைமுரசு நாலைந்து (அதற்கு எங்கே போனாலும் பஞ்சமில்லை), மேலே உட்கார்ந்து தட்டுகிற கஹோன் பெட்டியை வைத்துக்கொண்டு வங்கியில் வேலை பார்க்கும் ஒரு மேடம், ஒரு கடம், வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து பறையோடு வந்த ஒரு தம்பி, பழைய பெயின்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்த இரண்டு கல்லூரிப் பையன்கள், அப்புறம் கடலூரிலிருந்து தவிலோடு ஒரு அண்ணன். ஐம்பது வயதைத் தாண்டியவர், கோயில் மேளத்தில் வாசிப்பவர். கூடலை நடத்துகிற மாஸ்டரின் தங்கை கல்யாணத்துக்கு வாசித்த பழக்கத்தில் அழைத்திருக்கிறார்கள். “என்னமோ கைவேலைன்னு சொன்னாங்க தம்பி, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார்.

மாஸ்டர் இந்த ஊர்க்காரர்தான். அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் வீடுகளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பையன் பாரிஸ் பக்கம் வளர்ந்து, அங்கே டிரம்ஸ் கற்று, இந்தச் சைகை முறையையும் அங்கேயே பிடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர். தமிழில் பேசிக்கொண்டே இருந்து எண்ணும்போது மட்டும் பிரெஞ்சுக்குப் போய்விடுகிறார்.

முதல் அரைமணி நேரம் கதை சொன்னார். 1974-இல் அமெரிக்காவில் வுட்ஸ்டாக்கில் வால்டர் தாம்சன் என்பவர் ஒரு குழுவை நடத்திக்கொண்டிருந்தார். கச்சேரி நடுவே வாய்விட்டுச் சொல்லவும் முடியாது, எழுதிக் காட்டவும் நேரமில்லை, அதனால் கையால் ஜாடை காட்டிப் பார்த்தார். அதுதான் வளர்ந்து சவுண்ட்பெயின்டிங் ஆனது, இன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் சைகைகள் அதில் உண்டு. புட்ச் மாரிஸ் என்று இன்னொருவர், டிரம்பெட் போன்ற கார்னெட் வாசிப்பவர், கண்டக்‌ஷன் என்று பெயர் வைத்து 1985-இல் நியூயார்க்கில் முதல் நிகழ்ச்சி செய்தார். ஒரு கையில் சிம்பொனி நடத்துகிறவர்களைப் போலக் குச்சி, இன்னொரு கையில் சைகை. வாஸ்கெஸ் இவர்களுக்கெல்லாம் பின்னால் வந்து தாளத்துக்கென்றே தனி மொழி செய்தவர். ஏன் தனி என்றால், தாம்சனின் அடிப்படைச் சைகைகளில் ஒன்று நீண்ட ஒற்றைச் சுரம். இரண்டு கை விரல்களையும் குவித்து நூல் இழுப்பது போல விலக்கினால் குழலோ வயலினோ ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும். தோல் வாத்தியம் எங்கே நிற்பது? அடித்ததும் போய்விடும். எங்கள் கொட்டகையில் அந்தச் சைகைக்கு ஆளாளுக்கு உருட்ட ஆரம்பித்தார்கள், தவில் அண்ணன் உருட்டினதில் மற்றவர்கள் எல்லோரும் காணாமல் போனோம்.

இலக்கணம் எளிது. யார், என்ன, எப்படி, எப்போது, இந்த வரிசை. தலைக்கு மேல் இரண்டு கையையும் வளைத்து வட்டம் காட்டினால் எல்லோரும். ஒருவரை மட்டும் சுட்டினால் அவர் மட்டும். அப்புறம் என்ன வாசிக்க வேண்டும் என்பது. இடது முன்கையை நிமிர்த்தி வைத்து வலது கையை அதன்மேல் ஏற்றி இறக்கினால் சத்தம் ஏறும், இறங்கும். கடைசியில் ஆரம்பிக்கிற சைகை. மாஸ்டர் செம்மண்ணில் குச்சியால் ஒரு கட்டம் கிழித்தார். கட்டத்துக்கு வெளியே நின்று காட்டினால் தயார் செய்துகொள் என்று பொருள், உள்ளே காலை வைத்தால்தான் நடக்கும். இது எனக்கு ரொம்பப் பிடித்தது, கூட்டம் பதறுவதில்லை. நெற்றிப்பொட்டைத் தொட்டு ஒரு விரல் காட்டினால் இப்போது வாசிப்பதை ஒன்றாம் நினைவாக வைத்துக்கொள்ள வேண்டும், பத்து நிமிடம் கழித்து அதே விரல் காட்டினால் அது அப்படியே திரும்பி வரவேண்டும். கையை நீட்டி ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை வருடினால் கை யாரைக் கடக்கிறதோ அவர்கள் மட்டும் அந்தக் கணம் வாசிக்க வேண்டும்.

கவனித்தீர்களா, எந்தச் சைகையும் இந்தச் சொல்லை வாசி, இந்த நடையை வாசி என்று சொல்வதில்லை. ‘நீ, ஏதாவது, மெதுவாக, இப்போது’. அவ்வளவுதான். அந்த ‘ஏதாவது’ முழுக்க உன் பாடு. நேற்று எழுதிய சந்தேகத்தில் பாதி இந்த இடத்தில் கரைந்தது.

மீதிப் பாதி மதியத்துக்கு மேல் கிளம்பியது. கடக்காரரும் தவில் அண்ணனும் நானும் கர்நாடக சங்கீதப் பழக்கம். எங்களுக்குக் கை என்றால் கணக்கு. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு வீச்சு தட்டு வீச்சு, ஆதி தாளம் எட்டு முடிந்தது. அந்தக் கை எங்கே இருக்கிறோம் என்று சொல்லுமே தவிர என்ன செய் என்று சொல்லாது. மேடையில் பாடகர் மட்டுமா போடுகிறார், முன் வரிசை மாமாக்களும் தொடையில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், கை எல்லோருக்கும் பொது. இங்கே கை ஒருவரிடம். மாஸ்டர் கடக்காரரைச் சுட்டித் தனியாக வாசிக்கச் சொன்னார், அவரும் உற்சாகமாகக் கணக்குப் பண்ணி முடிவுக்குக் கொண்டுபோகிற ஒரு கோர்வை எடுத்து, மூன்று முறை வரவேண்டிய ததிங்கிணதொம்மில் இரண்டாவதில் போய்க்கொண்டிருக்கிறார், மாஸ்டர் நிறுத்து என்று கையை வீசிவிட்டார். வாயில் வைத்த உருண்டையைப் பிடுங்கின மாதிரி இருந்தது அவர் முகம். தாளம் தொடங்குகிற சமத்துக்கு வராமல் நிறுத்துவதா?

தேநீர் நேரத்தில் அது பஞ்சாயத்தாகவே ஆனது. “சார், முடிவு கண்ணுக்கு முன்னாடி நிக்குது, நீங்க கைய வீசுறீங்க” என்றார் கடக்காரர். மாஸ்டர் சண்டை போடவில்லை. ஜான் ஸோர்ன் என்று ஒருவர் 1984-இல் கோப்ரா என்று ஒன்றைச் செய்தார், அதில் வாசிக்கிறவர்கள்தான் நடத்துகிறவருக்குச் சைகை காட்டிக் கேட்பார்கள், அவர் அதற்குரிய அட்டையைத் தூக்குவார், ஆக எதிர்ச்சைகை ஒன்றும் புதிதில்லை, நாமும் ஒன்று வைத்துக்கொள்வோம் என்றார். மோவாயைத் தூக்கினால் ‘இன்னும் முடியவில்லை, பொறு’. அது வந்த பிறகு கொட்டகையின் முகமே மாறிவிட்டது, நடத்துகிறவரும் ஆளைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்புறம் தவில் அண்ணன் சும்மா இருக்காமல் ஒன்று சொன்னார். “எங்களுக்கும் ஒரு சைகை இருக்கு சார், ஒன்னே ஒன்னுதான், ஆனா ஊருக்கே தெரியும்.” சொல்லிவிட்டு ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேலே தூக்கி வேகமாக ஆட்டினார். கெட்டிமேளம்! பறைத் தம்பியிலிருந்து கஹோன் மேடம் வரை எல்லோரும் யாரும் சொல்லாமலே வெளுத்து வாங்கிவிட்டார்கள். இரண்டு ஜெம்பே வெள்ளைக்காரர்கள் மட்டும் திருதிருவென்று விழித்தார்கள். எந்த முகூர்த்தத்திலும் ஐயர் விரலை ஆட்டினதும் ஆலாபனை பாதியில் இருந்தாலும் கீர்த்தனை பாதியில் இருந்தாலும் விட்டுவிட்டுக் கொட்டுகிறோமே, அப்போது சமம் எங்கே போச்சு என்று கடக்காரரைப் பார்த்து அவர் கேட்க, கடக்காரரும் சிரித்துவிட்டார். சைகை எங்கள் பட்டியலில் சேர்ந்தது.

இரவு என் கஞ்சிரா தொய்ந்து போய்க் கிடக்கிறது. கடற்காற்றின் ஈரத்துக்குத் தண்ணீர் தொடாமலே சுருதி இறங்கிவிடுகிறது.

ஞாயிறு, கடற்கரை, மீண்டும் குயிலாப்பாளையம்

காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், அதற்குள் ஒரு நடை போய்விட்டு வந்தேன். காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை, நின்று பார்த்தால் கொத்துவேலை பிரமாதம், ஆனால் எல்லோரும் முதுகைக் காட்டி செல்பி. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் துண்டு ஒன்று வாங்கினேன். அவ்வளவுதான் ஊர் சுற்றல்.

மாலையில் ஒரு உணவகத்தின் பின்புறத் திறந்தவெளியில் நிகழ்ச்சி. நூறு நூற்றைம்பது பேர் இருக்கலாம், பாதி உள்ளூர், பாதி ஆரோவில்காரர்கள், கொஞ்சம் பெங்களூர் வார இறுதிக்காரர்கள். நாலரை மணிக்கே பறைத் தம்பி தென்னை ஓலையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்ச ஆரம்பித்துவிட்டான். காய்ச்சிக் காய்ச்சித் தட்டிப் பார்க்கிறான், டங் என்று வரும்வரை விடவில்லை. பிளாஸ்டிக் தோல் போட்ட ஜெம்பேக்காரர் ஏதோ சொல்ல வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பேசாமல் போனார்.

முதலில் மாஸ்டர் நடத்தினார். சுத்தமாக இருந்தது, கொஞ்சம் பாடப்புத்தகமாகவும் இருந்தது. ஒன்றாம் நினைவு, இரண்டாம் நினைவு, இரண்டையும் இரு பக்கத்துக்கும் கொடுத்து மோதவிடுவது, எல்லாம் சரியாகவே நடந்தது. எனக்குப் பிடித்தது இரண்டாவதாக நின்ற கஹோன் மேடம் நடத்தியதுதான். அவர் அதிகம் காட்டவே இல்லை. டப்பா வாசித்த பையன் ஒருவன் தப்பான இடத்தில் உள்ளே வந்துவிட்டான். இந்த முறையில் அப்படி வந்தால் முழித்துக்கொண்டு நிறுத்தக்கூடாது, வந்ததை விடாமல் வாசிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவன் விடவில்லை. மேடம் அதைக் கேட்டு, மற்ற எல்லோரையும் நிறுத்தி, நெற்றியைத் தொட்டு அதையே மூன்றாம் நினைவாக்கி, பறையிடம் கொடுத்து, அங்கிருந்து தவிலுக்குக் கொண்டுபோனார். தவில் அண்ணன் அதை மும்மூன்றாகப் போகிற திஸ்ரத்தில் மடக்கிப் போட்டார் பாருங்கள், ஆரோவில் பாட்டி ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். யார் செய்தது இது? டப்பாப் பையனா, மேடமா, அண்ணனா? மேடத்தின் கை இல்லையென்றால் அது ஒரு தடுமாற்றமாகவே போயிருக்கும், பையன் வாசிக்கவில்லையென்றால் மேடத்தின் கையில் காட்ட எதுவும் இருந்திருக்காது.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுத மாட்டேன். நடுவில் ஒரு கால்மணி நேரம் சவசவ. நாலு ஜெம்பேயும் ஒரே மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார்கள், கடம் இருக்கிற இடமே தெரியவில்லை, நடத்தியவர் சத்தத்தைக் குறை என்று முன்கையில் தேய்த்துத் தேய்த்துக் காட்டுகிறார், பார்க்க வேண்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு லயித்திருக்கிறார்கள். கண்ணை மூடுகிறவனுக்கு இந்த முறையில் இடமே இல்லை. இன்னொன்று யாரும் யோசிக்காதது, வெளிச்சம். ஆறரைக்கு மேல் கை தெரியவில்லை. கறுப்புச் சட்டை போட்டு வந்தவர் நடத்த நின்றபோது விரல் இரண்டா மூன்றா என்று யாருக்கும் புரியாமல் மூன்று பேர் மூன்று வாசித்தோம். உணவகத்துக்காரர் ஒரு டியூப் லைட்டை இழுத்து வந்து கட்டினார், அதன் பிறகு பரவாயில்லை.

கடைசியில் பறைத் தம்பி நின்றான். அவன் ஊர்க் குழுவில் முன்னால் அடிக்கிறவர் அடியை மாற்றினால் மற்றவர்கள் காதால் பிடித்துக்கொள்வார்கள், ஒத்தையடியிலிருந்து மருள் அடிக்குப் போக யாரும் கை காட்டுவதில்லை. அதனாலோ என்னவோ அவன் பறையைக் கழற்றவே இல்லை, தோளில் மாட்டிக்கொண்டே நின்று, அடித்துக்கொண்டே நடத்தினான், சைகை காட்ட ஒரு குச்சி, அடிக்க ஒரு குச்சி. மாஸ்டர் சொல்லித் தராத விஷயம் இது. வருடுகிற சைகையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான், குச்சி கடக்கிற வரிசை மட்டும் கைதட்டியது, திரும்ப வந்தபோது இன்னும் சத்தமாகத் தட்டியது. அப்புறம் குச்சியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். நாங்கள் அடிப்பதற்கு முன்னால் கூட்டத்திலிருந்தே “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று கத்தல் எழுந்தது, பின்வரிசையில் ஒரு அம்மா கையில் இருந்த பாப்கார்னை அட்சதையாகத் தூவியதை என் கண்ணால் பார்த்தேன். பெங்களூர்க்காரர்கள் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திங்கள், கடலூர்

ஊருக்குத் திரும்ப வேண்டியவன், தவில் அண்ணன் கூப்பிட்டாரே என்று கடலூர் பஸ் ஏறினேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டி கன்னியக்கோயிலில் எல்லைக்கடைசி மதுக்கடைகளைக் கடந்தால் தமிழ்நாடு, அப்புறம் தென்பெண்ணைப் பாலம், மஞ்சக்குப்பம், கெடிலம் பாலம், திருப்பாப்புலியூர். கோயிலுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி அவர் வீடு.

திண்ணையில் இரண்டு தவில், ஒன்றுக்கு வார் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டை பலா. இந்தப் பக்கம் பலாவுக்குக் கேட்கவா வேண்டும், தஞ்சாவூர் வீணைக்கே பண்ருட்டிப் பலாதான் போகிறது. தொப்பி என்கிற இடது பக்கம் அடிக்கிற கழி பூவரசு, வலந்தலை என்கிற வலது பக்கத்துக்கு விரல்களில் கூடு. அந்தக் கூட்டைக் காட்டி அவர் சொன்னது நியாயம்: “தம்பி, விரல்ல இத மாட்டிட்டு எங்கேர்ந்து சைகை காட்டுறது? எங்களுக்கு எல்லாம் கண்ணுதான்.”

பிறகு விவரமாகச் சொன்னார். சாமி புறப்பாட்டில் மல்லாரி. நாதஸ்வரக்காரர் ஊதுகிற சீவாளியை வாயிலிருந்து எடுக்கிற விதத்திலேயே தவிலுக்கு விட்டுவிட்டார் என்று தெரியும். இரண்டு தவிலில் ஒருவர் வாசித்து முடிக்கப் போகிறார் என்பது அவர் தோள் இறங்குவதில் தெரியும். அலங்கார மண்டபத்தில் தீபாராதனைத் தட்டு எழும்போது எங்கே இருந்தாலும் சுருக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும், குருக்கள் கையைப் பார்த்துக்கொண்டே வாசிப்பதுதான். “எங்களுக்குள்ள பழக்கம், அதனால சைகை வேணாம். அங்க யாருக்கு யாரத் தெரியும்? அதனால கை வேணும். அதுல ஒன்னும் கொறச்சல் இல்ல. ஆனா தம்பி, முந்தாநாள் பூரா நான் யாரையும் கேக்கவே இல்ல, அந்த மனுசன் கையத்தான் பாத்தேன். நேத்து அந்தப் பொண்ணு நின்னப்பதான் காது தொறந்துச்சு.”

எனக்கும் அதுதான் பட்டது. நல்ல கை என்றால் மற்றவர்களைக் கேட்க வைக்கிற கை. மாஸ்டருக்குச் சைகை ஆயிரம் தெரியும், மேடம் காட்டியது ஏழெட்டு இருந்தால் அதிகம்.

சாப்பாட்டுக்கு வஞ்சிரம் வறுவல், அண்ணி பரிமாறிக்கொண்டே “இவரு ராத்திரி பூரா கையத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கிட்டிருந்தாரு, நான் பயந்துட்டேன்” என்றார். மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் வந்தோம், காற்று மட்டும் சொல்லும்படி இருந்தது.

திரும்பி வந்தபோது அவருடைய சிஷ்யப் பையன் வந்திருந்தான். இருபது வயது, கை நல்ல வேகம், சத்தம் இன்னும் வேகம். புதன்கிழமை நெல்லிக்குப்பத்தில் ஒரு முகூர்த்தம், அதற்கு இருவரும் ஜோடித் தவில். அண்ணன் பட்டியலில் இருந்து எடுத்துக்கொண்டது சத்தத்தைக் குறைக்கிற அந்த முன்கைச் சைகை ஒன்றைத்தான். மண்டபத்தில் மைக் வேறு இருக்கிறது, நாதஸ்வரம் எடுபடுவதில்லை, நான் இப்படிக் காட்டினால் நீ அடக்கி வாசிக்க வேண்டும் என்று விளக்கினார். கூடு மாட்டிய விரலோடும் அது எடுபடுகிறது, முன்கை பெரிய உறுப்பு அல்லவா.

பையன் இரண்டு முறை செய்து பார்த்தான். சரியாகவே அடங்கியது. அப்புறம் கழியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: “அண்ணே, நீங்க சத்தமா வாசிச்சா நான் காட்டலாமா?”

அண்ணன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பதில் இல்லை.

“கல்யாணத்துல வேணாம்டா. இங்க வீட்டுல காட்டு.”

பையன் உடனே முன்கையை நிமிர்த்தினான். அவர் இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கவில்லை.